இரண்டு கோடியும் ஒரு மகுடமும்

2015-16-ஆம் ஆண்டின் ஐ-லீக் கால்பந்துப் பந்தயங்கள் முடிவுற்றபோது, ஒன்பது கழகங்கள் கொண்ட பட்டியலின் அடிவரிசையில் புனே நகரத்து டி.எஸ்.கே. சிவாஜியன்ஸ் கழகமும், அதற்கு ஒரு படி மேலே மிசோரம் மாநிலத் தலைநகரான ஐஸ்வாலின் கழகமும் நின்றன. கடைசியில் நிற்பவர் கீழ்ப் பிரிவுக்கு இறங்க வேண்டும் என்பது கால்பந்து ஆடப்படும் தேசங்களில் அநேகமாக எங்கும் அநுசரிக்கப்பட்டு வரும் நியதி. ஆயினும் அந்த வருஷம் இறங்கும்படி விதிக்கப்பட்டது ஐஸ்வாலுக்குத்தான். சிவாஜியன்ஸ் கழகம் கீழ்ப் பிரிவில் ஆடி வென்று, படிப்படியாக ஏறி வந்த கழகம் அல்ல. பொருள்வளம் படைத்த ஸ்தாபனங்கள் நேராகவே லீக்கில் பிரவேசிக்கலாம் என்று அகில இந்திய கால்பந்து சம்மேளனம் செய்திருந்த ஏற்பாட்டின்படி அது உள்ளே வந்தது. அப்படி வந்தவர்களை உடனே கீழே தள்ளுவதில்லை என்ற அபயமும் அந்த ஏற்பாட்டிலேயே அடங்கியிருந்தது. ஆகவே கடைசியில் நின்றவர் தங்கினார். அவருக்கு முன்னே நின்றவர் வெளியேறினார்.

ஐஸ்வால் கழகத்தின் சரித்திரத்தைச் சொல்லப் புகுந்தவர்கள் பெரும்பாலும் அடுத்த வருஷத்து வெற்றியிலிருந்தே தொடங்கிவிடுகிறார்கள். இந்த வெளியேற்றத்திலிருந்து தொடங்குவதே நியாயம் என்பது நம்முடைய அபிப்பிராயம். ஏனெனில் தனவந்தர்களோடு போட்டியிடும் ஏழைக் கழகம் எதிரியின் பதினொரு ஆட்டக்காரர்களோடு மட்டும் போராடுவதில்லை. பந்தயத்துக்கு முன்பே எழுதி வைக்கப்பட்டிருக்கும் விதிகளோடும் போராட வேண்டியிருக்கிறது. இத்தனைக்கும் அந்த மே மாதத்தில்தான் ஐஸ்வால் ஃபெடரேஷன் கோப்பையின் இறுதிப் பந்தயம் வரை சென்று, மோகன் பகானிடம் ஐந்து கோல்களில் தோற்றுத் திரும்பியிருந்தது. நாட்டின் இரண்டாவது கழகம் என்ற பெருமையோடு வந்தவர்களைக் கீழ்ப் பிரிவுக்குப் போங்கள் என்று சொன்னது ஒரு விசித்திரமான காட்சிதான்.

பிறகு மீண்டும் இடம் கிடைத்தது எப்படி என்றால், அதுவும் விதிகளின் குழப்பத்தால் நேர்ந்ததே. இந்திய சூப்பர் லீக்கை நாட்டின் முதல் லீக்காக உயர்த்தி, ஐ-லீக்கை இரண்டாம் இடத்துக்குத் தாழ்த்தும் திட்டம் ஒன்று 2016-இல் சம்மேளனத்திடமிருந்து வெளிவந்தது. அதைக் கண்டித்துக் கோவாவின் பழம்பெரும் கழகங்களான சால்காவ்கர், ஸ்போர்ட்டிங், டெம்போ ஆகியவை விலகிக்கொண்டன. லீக்கில் இடங்கள் காலியாயின. தமக்கு அநீதி இழைக்கப்பட்டதென்று ஓயாமல் முறையிட்டுக்கொண்டிருந்த மிசோரத்துக்காரர்களை அழைத்து, பத்துக் கழகங்களில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டார்கள். சென்னை சிட்டி கழகம் ஐ-லீக்கில் முதன்முதலாக அடியெடுத்து வைத்ததும் அதே பருவத்தில்தான்.

மிசோரத்தைப் பற்றித் தமிழ் வாசகருக்குச் சற்று விஸ்தாரமாகவே சொல்ல வேண்டும். 2011-ஆம் ஆண்டின் ஜனத்தொகைக் கணக்குப்படி அந்த மாநிலம் முழுவதிலும் உள்ளவர்கள் ஏறக்குறைய பதினோரு லட்சம் பேர். நம்முடைய பெரிய ஜில்லா ஒன்றில்கூட அதைவிட அதிகமான ஜனங்கள் உண்டு. ஐஸ்வால் நகரமோ கடல்மட்டத்துக்கு ஆயிரம் மீட்டருக்கு மேலே, மலைமுகட்டின் இருபுறச் சரிவுகளிலும் வீட்டின் கூரைக்கு மேல் அடுத்த வீட்டின் வாசல் என்று அடுக்கடுக்காக எழுந்து நிற்பது. சமதரை என்பதே அபூர்வமான அவ்வூரில், ஒரு பந்தாட்டக் களத்தின் அளவுக்கு நிலத்தைச் சமப்படுத்துவது சாமானிய காரியம் அல்ல. அப்படியிருந்தும் ஒவ்வொரு பேட்டைக்கும் ஒரு கோஷ்டி உண்டு. தேவாலயமும் வாலிபர் சங்கமும் எப்படி அந்தப் பேட்டைக்குச் சொந்தமோ, அப்படியே அந்தப் பந்துக் கோஷ்டியும் சொந்தம்.

இந்த ஆர்வத்துக்கு ஒரு வடிவம் கிடைத்தது 2012-இல். உள்ளூர்க் கேபிள் தொலைக்காட்சி நிறுவனமான ஸோநெட்டும் மாநிலக் கால்பந்து சங்கமும் கைகோத்து மிசோரம் பிரீமியர் லீக்கைத் தொடங்கின. நகரத்துப் பையன்கள் ஆடும் ஆட்டம் நகரத்து வீடுகளில் நேரடியாகத் தெரிந்தது. ஆடுகிறவனைப் பாட்டி முதல் கடைக்காரர் வரை அடையாளம் கண்டுகொண்டார்கள். அவனுக்குச் சம்பளம் என்று ஒரு தொகையும் கிடைத்தது. இரண்டே வருஷங்களில், 2014 மார்ச்சில், மிசோரம் மாநிலக் கோஷ்டி, ரயில்வே கோஷ்டியை 3-0 என்று வென்று சந்தோஷ் கோப்பையை முதன்முறையாகக் கைப்பற்றியது. டில்லியிலும் பம்பாயிலும் இந்தியக் கால்பந்தை உயர்த்துவது எப்படி என்று ஆலோசனைக் கூட்டங்கள் நடந்துகொண்டிருக்கையில், ஒரு கேபிள் கம்பெனியும் ஒரு சின்ன சங்கமும் சேர்ந்து அந்தக் கேள்விக்குப் பாதி விடையை எழுதிவிட்டன என்று சொன்னால் மிகையாகாது.

ஆனால் அதுவரையில் மிசோரம் ஆட்டக்காரர்களை வெளியே அனுப்பும் பூமியாகவே இருந்தது. ஷைலோ மால்ஸாம்ட்லுவாங்கா என்ற வாலிபர் கல்கத்தா சென்று ஈஸ்ட் பெங்காலின் ஆட்டக்காரராகப் பேர் பெற்றார். அவர் சென்ற பாதையில் பலர் சென்றார்கள். ஹ்நாத்தியால் என்ற சிற்றூரிலிருந்து வந்த ஜெஜெ லால்பெக்லுவா இந்தியக் கோஷ்டியின் முன்னணி ஆட்டக்காரரானபோது அவர் அணிந்திருந்தது மோகன் பகானின் சட்டை. திறமை மலையில் விளைந்தது. விலை சமவெளியில் பேசப்பட்டது. 1984-இல் ஸ்தாபிக்கப்பட்ட ஐஸ்வால் கழகம் இந்த ஓட்டத்தைத் திருப்பிவிட முயன்றதில்தான் அதன் விசேஷம் இருக்கிறது.

கழகத்தின் உரிமையாளர் ராபர்ட் ரோமாவியா ராய்ட்டே என்ற வியாபாரி. பிற்காலத்தில் அரசியலில் நுழைந்து அம்மாநிலத்தின் விளையாட்டுத் துறை மந்திரியாகவும் ஆனவர். அந்தப் பருவத்துக்குக் கழகம் ஒதுக்கிய தொகை சுமார் இரண்டு கோடி ரூபாய் என்று அக்காலத்துப் பத்திரிகைகள் எழுதின. இரண்டு கோடி என்பது நமக்கெல்லாம் பெருந்தொகைதான். ஆனால் எதிரே நின்றவர்கள் யார் என்று பார்த்தால் அதன் சிறுமை விளங்கும். 1889-இல் பிறந்து, 1911-இல் வெறுங்காலோடு ஆடி வெள்ளைக்காரப் பட்டாளத்தை வென்ற கீர்த்தியைச் சுமந்து வரும் மோகன் பகான் ஒருபுறம். 1920 முதல் அதற்குச் சரிநிகராக நிற்கும் ஈஸ்ட் பெங்கால் ஒருபுறம். எஃகு உற்பத்தி செய்யும் ஜே.எஸ்.டபிள்யூ. குழுமத்தின் ஆதரவில் 2013-இல் தோன்றி, மூன்றே பருவங்களில் இரண்டு முறை லீக்கை வென்றுவிட்ட பெங்களூரு கழகம் மற்றொருபுறம். இந்தக் கழகங்களில் சிறந்த அந்நிய ஆட்டக்காரர் ஒருவருக்கோ இருவருக்கோ கொடுக்கும் சம்பளத்தில் ஐஸ்வாலின் கோஷ்டியில் பாதிப் பேரை அமர்த்திவிடலாம்.

அந்த இரண்டு கோடியை எப்படிச் செலவிட்டார்கள் என்பதுதான் கவனிக்கத்தக்கது. பம்பாயில் மும்பை கழகத்துக்கு ஏழு வருஷ காலம் பயிற்சி அளித்து, ஒவ்வொரு வருஷமும் அதைக் கீழே விழாமல் தூக்கி நிறுத்தியதற்குச் சன்மானமாக வேலையை இழந்திருந்த காலித் ஜமீல் என்பவரைப் பந்தயங்கள் நெருங்கிய வேளையில் பயிற்சியாளராக அழைத்தார்கள். குவைத்தில் பிறந்து, இந்தியாவுக்காக ஆடி, காயங்களால் ஆட்டத்தை விட்டவர் அவர். அதிகம் பேசாதவர், பேசினாலும் அடுத்த பந்தயத்தைத் தாண்டி எதையும் பேசாதவர். அவரோடு மும்பை கழகத்தின் பழைய ஆட்டக்காரர்களான அஷுதோஷ் மேத்தாவும் ஜயேஷ் ராணேயும் மலையேறினார்கள். ராணேயை நம்மவர்களுக்கும் தெரிந்திருக்கும்; சென்னையின் என்ற கழகத்தின் சட்டையில் சூப்பர் லீக்கில் ஆடியவர் அவர். கோல்காப்பாளராகக் கோவாவின் அல்பினோ கோமெஸ் வந்தார். சிரியாவிலிருந்து மஹ்மூத் அல் அம்னா, லைபீரியாவிலிருந்து ஆல்ஃபிரட் ஜர்யான், ஐவரி கோஸ்டிலிருந்து காமோ பாயி என்று அந்நியர் சிலர். மற்றவர்கள் பெரும்பாலும் அந்த மலையிலேயே பிறந்து அந்த உள்ளூர் லீக்கில் வளர்ந்த பையன்கள்.

காலித் ஜமீலின் ஆட்ட முறை அழகானது என்று யாரும் புகழ்ந்ததில்லை. தற்காப்பைக் கட்டி நிறுத்தி, எதிரியைக் களைக்க வைத்து, அல் அம்னாவின் காலுக்குப் பந்து வந்தவுடன் பக்கவாட்டில் ஓடும் இளைஞர்களை நோக்கி அதை அனுப்புவது என்ற எளிய சித்தாந்தம் அவருடையது. வெற்றிகளில் அநேகம் ஒரே ஒரு கோல் வித்தியாசத்தில் கிடைத்தவை. சிலர் இதை அதிர்ஷ்டம் என்றார்கள். பதினெட்டுப் பந்தயங்களில் பதினொன்றை வெல்ல அதிர்ஷ்டம் ஒன்றே போதுமென்றால், அந்த அதிர்ஷ்டத்தைக் கோடீஸ்வரக் கழகங்கள் எப்போதோ விலைக்கு வாங்கியிருக்கும்.

பந்தயங்கள் நடந்த ராஜீவ் காந்தி மைதானம் நகரின் முவால்புய் பகுதியில் மலைச்சரிவை ஒட்டி அமைந்தது. செயற்கைப் புல் விரித்த களம். ஒரு பக்கம் பார்வையாளர் படிக்கட்டுகள். அதற்கப்பால் பசுமையான மலைத்தொடர், மேகம் இறங்கினால் பாதி மறைந்தும் மறையாமலும். கல்கத்தாவின் சமதரையில் பழகிய கால்களுக்கு அந்த உயரமும், பந்து துள்ளும் அந்தச் செயற்கைத் தரையும், மூச்சு விடாமல் பாடும் அந்தக் கூட்டமும் ஒருங்கே சோதனையாயின. கழகம் சேர்த்த புள்ளிகளில் பெரும்பகுதி அங்கே சேர்த்ததுதான். சீட்டு வாங்கிக் குடும்பத்தோடு வந்து உட்கார்ந்து, பந்தயம் முடிந்ததும் ஒழுங்காகக் கலைந்து செல்லும் கூட்டம் அது. வெளியூர்க் கோஷ்டி நன்றாக ஆடினால் அதற்கும் கைதட்டுவார்கள் என்று வந்து போனவர்கள் சொல்லிக் கேட்டதுண்டு.

2017 ஏப்ரல் 22, சனிக்கிழமை. இன்னும் இரண்டு பந்தயங்களே மீதி. மோகன் பகானுக்கு 33 புள்ளிகள். ஐஸ்வாலுக்கும் 33 புள்ளிகள். இருவரும் முவால்புய் மைதானத்தில் எதிரெதிரே. மோகன் பகானிடம் ஹைத்தி தேசத்து ஸோனி நோர்தே இருந்தார், ஜப்பானின் கட்ஸுமி யூஸா இருந்தார், மிசோக்களின் சொந்தப் பிள்ளை ஜெஜெயும் இருந்தார். எண்பது நிமிஷம் வரை கோல் விழவில்லை. இப்படியே முடிந்தால் கடைசி நாளில் கல்கத்தாவில் சொந்த ஊரில் ஆடப்போகும் மோகன் பகானுக்கே அனுகூலம். 83-வது நிமிஷத்தில், உள்ளூர்ப் பையனான தற்காப்பு ஆட்டக்காரர் ஸோமிங்லியானா ரால்டே, கோல் முகப்பில் நெருக்கியடித்து நின்ற கூட்டத்துக்கு மேலே எழும்பித் தலையால் முட்டினார். பந்து வலைக்குள் விழுந்தது. மீதி நிமிஷங்களில் மோகன் பகான் எவ்வளவு முயன்றும் பலிக்கவில்லை. பெருஞ்சம்பளம் பெற்ற முன்னணிக்காரர்கள் களத்தில் நிறைந்திருந்த ஒரு பந்தயத்தைத் தற்காப்பில் நிற்கும் உள்ளூர்க்காரர் ஒருவர் தீர்த்துவைத்தார் என்பதில் மலைநாட்டார் கொண்ட கர்வத்தை நாம் குறை சொல்ல முடியாது.

கடைசிப் பந்தயம் ஏப்ரல் 30 அன்று மேகாலயத் தலைநகரான ஷில்லாங்கில், லாஜோங் கழகத்தோடு. ஒரு புள்ளி கிடைத்தால் போதும், மகுடம் நிச்சயம். தோற்றுவிட்டால், அதே மாலையில் கல்கத்தாவில் சென்னை சிட்டியோடு ஆடும் மோகன் பகான் எட்டிப் பிடித்துவிடக்கூடும். அன்று ஞாயிற்றுக்கிழமை, மிசோரத்தில் கடைகள் அடைத்து, தேவாலயம் தவிர வேறெங்கும் ஜனங்கள் கூடாத நாள், தங்கள் ஊரில் அன்று பந்தயம் வைக்க அவர்கள் சம்மதிப்பதில்லை. ஆயினும் மலைப்பாதைகளில் பஸ்ஸிலும் காரிலும் நெடுந்தூரம் பிரயாணம் செய்து ஆயிரக்கணக்கானோர் ஷில்லாங் வந்து சேர்ந்திருந்தார்கள்.

ஒன்பதாவது நிமிஷத்திலேயே இடி விழுந்தது. அந்தப் பருவத்தில் எவரைக் காட்டிலும் அதிகமாகக் கோல் அடித்த காமரூன் வீரர் ஆசர் டிபாண்டா டிக்கா லாஜோங்குக்காக ஒரு கோல் போட்டுவிட்டார். முற்பாதி அப்படியே கழிந்தது. பிற்பாதியில் நிமிஷங்கள் நகர நகரக் கல்கத்தாவிலிருந்து வரும் செய்தியை ஒரு காதும், களத்தின் ஆரவாரத்தை ஒரு காதுமாகக் கேட்டுக்கொண்டு நின்ற கூட்டத்தின் மனநிலையை வர்ணிக்க வேண்டியதில்லை. 67-வது நிமிஷத்தில் வில்லியம் லால்நுன்ஃபெலா பந்தை வலைக்குள் செலுத்திச் சமன் செய்தார். இவரும் மிசோரத்துப் பையன்தான். அதற்குப் பிறகு ஐஸ்வால் வெல்ல முயலவில்லை. தோற்காமல் இருப்பதை மட்டும் ஒரு கலையாகச் செய்து முடித்தது. ஆட்டம் 1-1. கல்கத்தாவில் மோகன் பகான் சென்னை சிட்டியை வென்றும் பயனில்லாது போயிற்று. ஐஸ்வாலுக்கு 37 புள்ளிகள், மோகன் பகானுக்கு 36. வடகிழக்கு மாநிலங்களிலிருந்து ஒரு கழகம் தேசிய லீக்கை வென்றது அதுவே முதல் முறை. அதே பருவத்தில் பட்டியலின் அடியில் நின்று கீழ்ப் பிரிவுக்கு இறங்கியது எந்தக் கழகம் என்று கேட்டால், காலித் ஜமீல் வேலை இழந்து வந்த அதே மும்பை கழகம்.

மறுநாள் பத்திரிகைகள் ஐஸ்வாலை இந்தியாவின் லெஸ்டர் என்று கொண்டாடின. அதற்கு முந்தைய வருஷம் இங்கிலாந்தில் லெஸ்டர் சிட்டி பெரிய கழகங்களையெல்லாம் பின்தள்ளி லீக்கை வென்றிருந்ததால் அந்த ஒப்புமை எளிதில் கைக்கு வந்துவிட்டது. நமக்கு அது பொருத்தமாகப் படவில்லை. லெஸ்டரின் அந்நாளைய உரிமையாளர் தாய்லாந்தின் பெருஞ்செல்வர்களில் ஒருவர். அவர் மான்செஸ்டர் கழகங்களைவிட ஏழையாக இருந்திருக்கலாம், உலகக் கணக்கில் ஏழை அல்ல. அதைவிட முக்கியமானது வென்றபின் நடந்தது. லெஸ்டர் வென்றவுடன் ஐரோப்பாவின் சாம்பியன்ஸ் லீக்கில் அதற்கு உரிமையாக ஓர் இடம் கிடைத்தது. அங்கே காலிறுதி வரை சென்றது. யாரிடமும் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை.

ஐஸ்வாலுக்கு நேர்ந்தது வேறு. கோப்பை வாங்கிய கைகளின் சூடு ஆறுவதற்குள், சூப்பர் லீக்கில் புதிதாக இரண்டு கழகங்களைச் சேர்க்கும் ஏலம் தொடங்கியது. சேர விரும்புவோர் ஆண்டுதோறும் கோடிக்கணக்கில் கட்டணம் செலுத்த வேண்டியிருந்தது. ஆட்டத்தில் பெற்ற வெற்றிக்கு அந்தக் கணக்கில் எந்த மதிப்பும் இருக்கவில்லை. பெங்களூரு உள்ளே போயிற்று. டாட்டாக்களின் ஆதரவில் ஜம்ஷெட்பூரில் அப்போதுதான் பிறந்த ஒரு கழகமும் உள்ளே போயிற்று. அந்த வருஷத்துச் சாம்பியன் வாசலில் நின்றது. வெளியே நிறுத்தினால் டில்லியில் சம்மேளனத்தின் தலைமையகத்தின் முன் சாகும்வரை உண்ணாவிரதம் இருப்போம் என்றுகூட ராய்ட்டே எச்சரித்தார். அதற்குப் பலன் எதுவும் விளையவில்லை. ஆசிய சாம்பியன்ஸ் லீக்கின் தகுதிச் சுற்றில் ஒரே ஒரு பந்தயம் மட்டும் கிடைத்தது. 2018 ஜனவரியில் ஈரானுக்குச் சென்று ஸோப் ஆஹன் கழகத்தோடு ஆடி, 3-1 என்று தோற்றுத் திரும்பினார்கள்.

இதற்குள் கோஷ்டி கலைந்துவிட்டது. காலித் ஜமீலை ஈஸ்ட் பெங்கால் அழைத்துக்கொண்டது. அல் அம்னாவும் அவரைப் பின்தொடர்ந்தார். காமோ மோகன் பகானுக்குப் போனார். ராணேயும் மேத்தாவும் சூப்பர் லீக்குக்கு. அடுத்த பருவத்தில் ஐஸ்வால் ஐந்தாவதாக வந்தது. ஆட்டக்காரர்களைக் குறை கூற இடமில்லை. அவர்கள் தொழில் செய்கிறவர்கள், அவர்கள் கால்களுக்கு ஆயுள் குறுகியது. ஏழைக் கழகம் வென்றால் அந்த வெற்றியே அதன் ஆட்டக்காரர்களுக்கு விளம்பரமாகி, அவர்களைப் பணக்காரர் வீட்டுக்கு அனுப்பிவைக்கிறது. இதைத் தடுக்க ஒரே வழி, வென்றவனுக்கு மேலே போக ஒரு பாதை வைப்பது. அந்தப் பாதைதான் அப்போது இல்லை.

இது மலைநாட்டுக்கு மட்டும் நேர்ந்ததென்று நாம் அலட்சியமாக இருந்துவிட முடியாது. இரண்டு வருஷங்கள் கழித்து, 2019 மார்ச் 9-ஆம் தேதி, கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியத்தில் இதே நாடகம் நம் கண்ணெதிரே மறுபடியும் நடந்தது. சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸின் பயிற்சியில், 21 கோல்கள் அடித்த பெட்ரோ மான்ஸியின் பலத்தில், சென்னை சிட்டி கழகம் மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்றது. அன்றும் ஆரம்பத்திலேயே ஒரு கோல் வாங்கிப் பின்தங்கித்தான் மீண்டார்கள். புள்ளிகள் 43. இரண்டாவதாக வந்த ஈஸ்ட் பெங்காலுக்கு 42. அன்றும் ஒரு புள்ளி வித்தியாசம், அன்றும் கல்கத்தாவின் பெரிய கழகம் ஒன்று பின்னே, அன்றும் மேலே போக வழியில்லை. ஆட்டக்காரர்கள் சூப்பர் லீக்குக்குச் சிதறினார்கள். 2021-க்குப் பிறகு சென்னை சிட்டி ஐ-லீக் பட்டியலிலேயே இல்லை. தமிழ்நாட்டின் பெயரால் தேசிய லீக்கை வென்ற ஒரு கழகம் இத்தனை விரைவில், ஒருவரும் கேட்பாரின்றி மறைந்துபோனதற்கு நாம் வருந்தியிருக்க வேண்டிய அளவு வருந்தினோமா என்பது சந்தேகமே.

ஐ-லீக்கில் வென்ற கழகம் தகுதியின்பேரில் சூப்பர் லீக்குக்கு உயரலாம் என்ற விதி கடைசியில் வந்தது. 2022-23 பருவத்தை வென்ற பஞ்சாப் கழகம் அந்த வழியில் முதலில் ஏறியது. காலித் ஜமீல் சூப்பர் லீக்கில் இரண்டு கழகங்களுக்குப் பயிற்சி அளித்து, 2025 ஆகஸ்டில் இந்தியக் கோஷ்டியின் தலைமைப் பயிற்சியாளரானார். ஐஸ்வால் கழகம் மட்டும் இன்றுவரை இந்திய சூப்பர் லீக்கில் ஒரு பந்தயம்கூட ஆடியதில்லை.